பகடை உருட்டினால் பணம் பத்திரம்!

அமெரிக்காவில் ஒரு ஆராய்ச்சியாளர் விசித்திரமான சோதனை ஒன்றைச் செய்து பார்த்தார்.

"ஈதர்" என்பது மின்னணு நாணயங்களில் ஒன்று. ஒரு டாலர் மதிப்புள்ள ஈதரை எடுத்து, அவர் ஒரு கணக்கில் போட்டார். அந்தக் கணக்கின் ரகசியச் சாவி எளிதில் ஊகிக்கக் கூடியது. அது அவருக்குத் தெரியும். தெரிந்தேதான் போட்டார்.

சில வினாடிகள்தான் ஆயின. டாலரைக் காணோம்!

எவனோ ஒரு ஆசாமி, பேர் தெரியாதவன், ஊர் தெரியாதவன், அந்தக் கணக்கின் வாசலில் இரவும் பகலும் குந்தியிருந்தவன் போல, விழுந்த காசைக் கவ்விக்கொண்டு போய்விட்டான்.

இந்த விவரம் 2019-ம் ஆண்டு ஏப்ரலில் வெளிவந்தது. அந்த ஆராய்ச்சிக் குழு வெறும் ஊகத்தினாலேயே கண்டுபிடித்த ரகசியச் சாவிகள் மொத்தம் 732. அவற்றுக்குரிய கணக்குகளில் சிலவற்றை அதே ஆசாமி முன்னதாகவே துடைத்து வைத்திருந்தான். 2018 ஜனவரியில் அவனிடம் சேர்ந்திருந்தது சுமார் 38,000 ஈதர். அன்றைய உச்ச விலையில் கணக்கிட்டால் 5 கோடி டாலருக்கு மேல்!

அவன் பூட்டை உடைக்கவில்லை. சுவரில் கன்னம் வைக்கவில்லை. சாவி என்ன எண்ணாக இருக்கும் என்று நினைத்துப் பார்த்தான். அவ்வளவுதான். அந்தச் சாவிகளில் ஒன்று என்ன எண் தெரியுமா? 1! வெறும் ஒன்று!

78 இலக்கம்

பிட்காயின், ஈதர் முதலிய நாணயங்களுக்கு நோட்டும் கிடையாது, சில்லறையும் கிடையாது. எல்லாம் ஒரு கணக்குப் புத்தகத்தில் உள்ள பதிவுதான். அந்தப் புத்தகம் உலகெங்கும் ஆயிரக்கணக்கான கம்ப்யூட்டர்களில் ஒன்றுபோல் இருக்கிறது. யாரும் திறந்து பார்க்கலாம். ஆனால், ஒரு கணக்கிலிருந்து காசை நகர்த்த வேண்டுமானால் அதற்குரிய ரகசிய எண் தெரிந்திருக்க வேண்டும். எண்ணை அறிந்தவனே முதலாளி.

பாங்கியில் பாஸ்புத்தகம் தொலைந்தால் வேறு தருவார்கள். கையெழுத்து சந்தேகமாக இருந்தால் கூப்பிட்டுக் கேட்பார்கள். இங்கே கேட்பார் கிடையாது. மானேஜர் இல்லை, குமாஸ்தாவும் இல்லை. திருடனுடைய கையிலிருந்தாலும் சாவி சாவிதான்.

அந்தச் சாவி 1-லிருந்து 78 இலக்கம் உள்ள ஒரு பிரம்மாண்டமான எண் வரைக்கும் எதுவாகவும் இருக்கலாம். 78 இலக்கம் என்றால் சாமான்யமல்ல. கண்ணுக்கெட்டிய பிரபஞ்சத்தில் உள்ள அணுக்களைக் கணக்கிட்ட விஞ்ஞானிகள், 1-க்குப் பின்னால் ஏறக்குறைய 80 சைபர் போட்டு எழுதுகிறார்கள். அதற்குச் சற்றே குறைச்சல். இவ்வளவு பெரிய குவியலில் ஒருவர் கண்ணை மூடிக்கொண்டு ஒரு எண்ணை எடுத்தால், உலகத்துக் கம்ப்யூட்டர்கள் அத்தனையும் சேர்ந்து தேடினாலும் அகப்படாது.

கண்ணை மூடிக்கொண்டு எடுத்தால்! விஷயமே அதில்தான் இருக்கிறது.

மனிதனுக்கு அது வராது. எண் சொல் என்றால் பிறந்த தேதியைச் சொல்வான். பழைய வீட்டுக் கதவு எண்ணைச் சொல்வான். பாட்டின் ஒரு அடியையோ, பழமொழியையோ கணித முறையில் எண்ணாக்கி அதையே சாவியாக வைத்துக்கொண்டவர்கள் பிட்காயினின் ஆரம்ப காலத்தில் அநேகம் பேர். மூளையே பணப்பெட்டி என்று பெருமைப்பட்டார்கள். 2015 ஆகஸ்டில் லாஸ் வேகாஸ் நகரில் நடந்த டெஃப்கான் மாநாட்டில் ஒரு நிபுணர், அப்படிப்பட்ட வாசகங்களை மலைமலையாகப் போட்டுப் பார்த்துச் சாவியைக் கண்டுபிடிக்கும் புரோகிராமை வெளியிட்டார். பெருமை அடங்கிற்று.

எந்திரம் சறுக்கிய கதை

மனிதன் வேண்டாம், கம்ப்யூட்டர் எடுத்துத் தரட்டும் என்றால் என்ன?

பெரும்பாலும் நன்றாகவே எடுத்துத் தருகிறது. ஆனால் கம்ப்யூட்டர் சொன்னதைச் சொன்னபடி செய்கிற வேலைக்காரன். குருட்டாம்போக்கு அதன் சுபாவத்தில் இல்லை. அதற்கு வெளியிலிருந்து கொஞ்சம் குழப்பத்தை ஊட்டியாக வேண்டும். சான்பிரான்சிஸ்கோவில் கிளவுட்ஃபிளேர் கம்பெனியின் அலுவலகச் சுவரில் சுமார் 100 விளக்குகளை அடுக்கியிருக்கிறார்கள். ஒவ்வொன்றின் உள்ளேயும் மெழுகு உருகி மிதந்து உருவம் மாறிக்கொண்டே இருக்கும். காமிரா அதைப் படம் பிடிக்கிறது. அந்தப் படத்திலிருந்துதான் எண் எடுக்கிறார்கள்! இங்கிலாந்தில் 1957-ல் சர்க்கார் பத்திரங்களுக்குப் பரிசு எண் எடுக்க "எர்னி" என்று ஒரு எந்திரம் வைத்தார்கள். நியான் குழாயில் மின்சாரம் ஓடும்போது உண்டாகும் இரைச்சல்தான் அதற்கு ஆதாரம். 

இந்த ஊட்டம் குறைந்து போனால்?

குறைந்து போயிருக்கிறது, ஒரு தடவையல்ல, பல தடவை.

டெபியன் என்ற லினக்ஸ் வகையில் 2006-ல் யாரோ ஒருவர் நல்ல எண்ணத்தோடு ஒரு திருத்தம் செய்தார். 2008 மே மாதம்தான் விபரீதம் தெரிய வந்தது. கணக்கற்ற சாவிகளைத் தர வேண்டிய புரோகிராம், ஒவ்வொரு வகையிலும் 32,768 சாவிகளுக்குள்ளேயே சுற்றிச் சுற்றி வந்திருக்கிறது! இரண்டு வருஷம் ஒருவரும் கவனிக்கவில்லை. 2013 ஆகஸ்டில் ஆண்ட்ராய்டு போன்களில் எண் எடுக்கும் பகுதி கோளாறு என்று தெரிந்தது. அந்தப் போன்களில் பிட்காயின் வைத்திருந்தவர்கள் புதுச் சாவிக்கு மாற அவசர எச்சரிக்கை பிறந்தது. அதற்குள் சிலருடைய பணம் போய்விட்டது.

எல்லாவற்றிலும் வேதனையானது 2023 ஜூலையில் நடந்தது.

"லிப்பிட்காயின் எக்ஸ்புளோரர்" என்பது விஷயம் தெரிந்தவர்கள் உபயோகிக்கும் கருவி. பிட்காயினைப் பற்றிய பிரசித்தமான பாடப் புத்தகத்திலேயே அதன் உபயோகம் எழுதியிருந்தது. அதைக் கொண்டு சாவி செய்தவர்கள் ஏனோதானோ ஆசாமிகள் அல்ல. இன்டர்நெட் இல்லாத தனிக் கம்ப்யூட்டரில் செய்து, காகிதத்தில் எழுதி, பத்திரமாகப் பூட்டி வைத்த ஜாக்கிரதைக்காரர்கள். அவர்களுடைய பணம்தான் ஜூலை 12-ம் தேதி காணாமல் போயிற்று. மொத்தத்தில் சுமார் 9 லட்சம் டாலர் என்று மதிப்பிட்டார்கள்.

காரணம் என்ன? அந்தக் கருவி எண் எடுப்பதற்குக் கடிகார நேரத்தை ஆதாரமாக வைத்தது. அதிலும் சுமார் 429 கோடி ஆரம்ப நிலைகள்தான் சாத்தியம். 429 கோடி என்பது மனிதனுக்குப் பெரிசு. கம்ப்யூட்டருக்கு அது சில நாள் வேலை.

கடிகாரத்தைச் சைபரில் வைத்து அந்தக் கருவியை ஓட்டினால் வரும் ரகசியச் சொற்களில் முதல் இரண்டு "மில்க்", "சேட்". அதாவது பால், சோகம்! துப்புத் துலக்கிய குழுவினர் இந்தச் சம்பவத்துக்கே அந்தப் பேரை வைத்துவிட்டார்கள்.

இதே ரகப் பலவீனம்தான் "லூபியன்" என்ற பிட்காயின் சுரங்க நிறுவனத்தையும் கவிழ்த்தது என்று ஆராய்ந்தவர்கள் சொல்கிறார்கள். 2020 டிசம்பரில் அங்கிருந்து 1,27,000 பிட்காயினுக்கு மேல் போயிற்று. போனது வெளியுலகுக்குத் தெரிந்ததே 2025 ஆகஸ்டில்தான்!

பார்வைக்குத் தெரியாத நோய்

இங்கே ஒரு விஷயத்தை அழுத்திச் சொல்ல வேண்டும்.

புளித்த பாலை முகர்ந்தால் தெரியும். செல்லாக் காசைத் தட்டினால் தெரியும். கெட்டுப்போன எந்திரம் தந்த சாவியைப் பார்த்தால் தெரியாது! நல்ல எந்திரம் தந்த 24 சொற்களும், பழுதான எந்திரம் தந்த 24 சொற்களும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் நிபுணருக்கும் வித்தியாசம் தோன்றாது. பணம் போன பிறகுதான் தெரியும்.

"எங்கள் கருவியில் எல்லாம் உயர்தரம், நம்பி வாங்குங்கள்" என்று கம்பெனிகள் விளம்பரம் செய்கின்றன. உயர்தரமாகவே இருக்கலாம். மேற்சொன்ன புரோகிராம்களை எழுதியவர்களும் அப்படித்தான் நம்பினார்கள். யோக்கியர்கள்தான். யோக்கியன் செய்த பிழையும் பெட்டியைக் காலி செய்துவிடுகிறதே!

ஆகவேதான் சிலர் பகடையைக் கையில் எடுத்திருக்கிறார்கள். பகடை கம்ப்யூட்டரைவிடப் புத்திசாலி என்பதால் அல்ல. அது உருளுவதைக் கண்ணால் பார்க்கலாம். அதற்குள் புரோகிராம் இல்லை, கடிகாரம் இல்லை, கம்பெனி இல்லை. சகுனி கையில் கொடுக்காதவரை அதற்குச் சூதும் தெரியாது.

99 உருட்டு

கணக்கு சுலபம். ஒரு பகடையை ஒரு முறை உருட்டினால் 6 விதம். இரண்டு முறை உருட்டினால் 36 விதம். மூன்றாவதில் 216. இப்படி ஒவ்வொரு உருட்டுக்கும் ஆறு மடங்கு பெருகிக்கொண்டே போகும். 50 உருட்டு முடிந்தால் 12 சொல் சாவிக்குப் போதும். 99 உருட்டினால் 24 சொல் சாவிக்கு வேண்டிய அளவு ஏறக்குறைய முழுமையாக வந்துவிடும். நூறாவதையும் போட்டுவிட்டால் அந்தக் குறையும் இல்லை.

மேலே சொன்ன "பால், சோகம்" கருவியை இந்தக் கணக்கில் நிறுத்திப் பாருங்கள். 24 சொல் கொடுத்ததே, அதன் பின்னால் எத்தனை உருட்டு இருந்தது? பன்னிரண்டரை! டெபியன் கதையில் ஆறு உருட்டுகூட இல்லை.

12 சொல், 24 சொல் என்பது என்ன? 78 இலக்கத்தை எழுதி வைத்தால் ஒரு சைபர் விட்டுப் போகும். அதனால் 2013-ல் ஒரு ஏற்பாடு செய்தார்கள். 2,048 எளிய சொற்கள் கொண்ட ஒரு பட்டியல். எண்ணைத் துண்டு போட்டு ஒவ்வொரு துண்டுக்கும் ஒரு சொல். கடைசிச் சொல்லில் சரிபார்க்கும் கணக்கும் கலந்திருக்கும். ஆகவே அதை நம் இஷ்டத்துக்கு எடுக்க முடியாது. கணக்குப் போட ஒரு கருவி வேண்டும். அந்தக் கருவிக்கு இன்டர்நெட்டோடு உறவு இருக்கக்கூடாது. "கோல்டுகார்டு", "சீட்சைனர்" முதலிய சில கருவிகள் உருட்டிய எண்களை வரிசையாக அழுத்தினால் சொற்களைத் தருகின்றன.

அதைவிடப் பெரிய சௌகரியம் ஒன்று உண்டு. அவை கணக்கிடும் முறை பகிரங்கமானது. ஒரே உருட்டை இரண்டு வேறு கம்பெனிக் கருவிகளில் அழுத்தினால் ஒரே சொற்கள் வர வேண்டும். வந்தால் இரண்டும் யோக்கியம். வராவிட்டால் ஏதோ ஒன்று சொந்தச் சரக்கைக் கலக்கிறது என்று அர்த்தம். வெறுமனே "பொத்தானை அழுத்து, சொல் தருகிறேன்" என்கிற கருவியில் இந்தச் சோதனையைச் செய்யவே முடியாது. 

உருட்டும்போது சோம்பலுக்கு ஐந்து பகடையை ஒன்றாகப் போடலாம். இருபது வீச்சில் வேலை முடியும். ஆனால் விழுந்த இடத்தில் இடமிருந்து வலமாகப் படிக்க வேண்டும். அழகாக இருக்கட்டும் என்று சிறிதிலிருந்து பெரிதாக அடுக்கினால் ஆபத்து! 7,776 விதம் 252 விதமாகச் சுருங்கிவிடும். (ஐந்து உருட்டுக்கு ஒரு சொல் என்று 7,776 சொற்கள் கொண்ட பட்டியலை ஆர்னால்ட் ரைன்ஹோல்டு என்பவர் 1995-லேயே வெளியிட்டார். அது கடவுச்சொல் செய்வதற்கு. பகடை யோசனைக்குத் தகப்பனார் என்று அவரைச் சொல்லலாம்.)

வீட்டில் தாயக்கட்டைதான் இருக்கிறது என்பவர்கள் வருத்தப்பட வேண்டாம். ஒரு கட்டைக்கு நான்கு பக்கம். 128 தடவை உருட்டினால் கணக்கு கச்சிதமாகச் சரியாகிவிடும். இரண்டு கட்டையைச் சேர்த்துப் போட்டால் 64 வீச்சு. எது முதல் கட்டை, எது இரண்டாவது என்று ஒரு அடையாளம் மட்டும் வேண்டும். ஆனால் கருவிகள் ஆறு பக்கத்துக்கே பழகியிருப்பதால் கணக்கைத் தாமே போடத் தெரிந்திருக்க வேண்டும். அது எல்லோருக்கும் கைவராது.

பகடையே கோணலாக இருந்தால்?

நியாயமான கேள்வி. பதிலும் இருக்கிறது.

வெல்டன் என்ற லண்டன் பேராசிரியர் 1894-ல் 12 பகடைகளை ஒன்றாக உருட்டிக் குறித்து வைத்தார். ஒரு முறை, இரண்டு முறை அல்ல. 26,306 முறை! மொத்தம் 3,15,672 பகடை முகங்கள். நியாயமான பகடை என்றால் 5-ம் 6-ம் சேர்ந்து 1,05,224 தடவை விழ வேண்டும். விழுந்தது 1,06,602. பகடையில் புள்ளியைக் குழித்து வைப்பார்கள் அல்லவா? ஆறு புள்ளி உள்ள பக்கத்தில் அதிகம் குழித்ததால் எடை குறைந்து, அது மேலே வரப் பார்த்தது என்று காரணம் சொன்னார்கள்.

2009-ல் சிக்காகோ சர்வகலாசாலையில் ஒரு ஆராய்ச்சி மாணவர் அதே 26,306 வீச்சை எந்திரத்தை வைத்துச் செய்து பார்த்தார். பெட்டி குலுக்கும், காமிரா படம் பிடிக்கும். அவருடைய பகடையில் 1-ம் 6-ம் கொஞ்சம் அதிகம் விழுந்தன. பகடை சரியான கனசதுரமாக இல்லை. அந்த இரண்டு பக்கங்களுக்கும் இடையே நீளம் ஒரு மயிரிழை குறைவு!

ஆகவே கடைப் பகடை கோணல்தான். ஆனால் எவ்வளவு கோணல்? வெல்டனுடைய பகடையைக் கொண்டே 100 உருட்டினாலும், அந்தக் கோணலால் ஏற்படும் நஷ்டம் ஒரு உருட்டில் நூறில் ஒரு பங்குகூட வராது. சந்தேகப் பிராணிகள் பத்து உருட்டு கூடப் போட்டுவிட்டுத் தூங்கலாம். அதற்கும் மனம் ஆறாதவர்கள் சூதாட்ட மன்றத்துப் பகடையை வாங்கலாம். குழித்த புள்ளியில் அதே எடையுள்ள வர்ணத்தை நிரப்பி, ஓரம் கூராக வைத்து, அங்குலத்தில் இரண்டாயிரத்தில் ஒரு பங்கு பிசகாமல் செய்கிறார்கள். உள்ளே ஈயம் ஒளித்திருந்தால் தெரியட்டும் என்று கண்ணாடி போல் இருக்கும்.

கோணல் பகடையில் இல்லை. உருட்டுகிறவர் மனசில் இருக்கிறது!

மூன்று 4 அடுத்தடுத்து விழுந்தால் "இது நன்றாக இல்லையே" என்று ஒன்றை அடித்துவிட்டு 2 என்று எழுதுகிறார். உண்மையில் 100 உருட்டில் ஏதாவது ஒரு எண் தொடர்ந்து மூன்று தடவை எங்காவது விழுவதற்குப் பத்தில் ஒன்பது பங்கு வாய்ப்பு உண்டு. விழாவிட்டால்தான் ஆச்சரியம். இன்னொருவர் முப்பது உருட்டியதும் கை வலிக்கிறது என்று மீதியை யோசித்து எழுதுகிறார். அப்படி எழுதுவதற்குப் பகடை எதற்கு? இலவச வெப்சைட் ஒன்றில் எண்களை அழுத்திச் சொற்களை வாங்கிக்கொள்கிறார் மூன்றாமவர். அந்த வெப்சைட்டை நடத்துபவர் யார் என்று அவருக்குத் தெரியாது. நான்காமவர் எல்லாவற்றையும் ஒழுங்காகச் செய்கிறார். முடிவில் "மறந்துவிடக் கூடாதே" என்று போனில் ஒரு போட்டோ பிடிக்கிறார். போன் அதை இன்டர்நெட்டில் எங்கோ உள்ள கிடங்குக்கு அனுப்பிவிடுகிறது.

யாருக்கு வேண்டும்?

பகடைக்காரர்களிடமும் ஒரு குறை உண்டு. சிலர் இதை ஒரு மதம் போல் ஆக்கிவிட்டார்கள். உருட்டாதவன் எல்லாம் மூடன் என்கிறார்கள். அது அதிகப் பேச்சு.

ஐயாயிரம், பத்தாயிரம் ரூபாய்க்குப் பிட்காயின் வாங்கி வைத்திருப்பவர் நூறு உருட்டு உருட்டி, தனிக் கருவி வாங்கிக் கஷ்டப்பட வேண்டியதில்லை. கருவியின் விலை முதலையே தின்றுவிடும். அவரை அச்சுறுத்துவது எண் கோளாறு அல்ல. போலி டெலிபோன் அழைப்பும் பேராசையும்தான்.

ஆனால் வெளிநாட்டில் பத்து வருஷம் உழைத்த சேமிப்பையோ, பெண் கல்யாணத்துக்கென்று சேர்த்ததையோ இதில் போட்டிருப்பவர்களும் இருக்கிறார்கள். போட்டது புத்திசாலித்தனமா என்பது வேறு விவாதம். எக்ஸ்சேஞ்சில் விட்டு வைத்தவர்கள் 2014-ல் ஜப்பானின் மவுண்ட் காக்ஸ் கவிழ்ந்தபோதும், 2022-ல் எஃப்.டி.எக்ஸ். மூழ்கியபோதும் கைபிசைந்து நின்றார்கள். அந்தப் பயத்தினால் பணத்தைத் தன் கைக்கு எடுத்துக்கொள்கிறவருக்கு, அரை மணி நேரம் உட்கார்ந்து உருட்டுவது பெரிய தண்டனையல்ல.

கம்பெனிகளுக்கும் இதில் பொறுப்பு இருக்கிறது. சாவிக் கருவி விற்பவர்கள், வாங்குபவர் விரும்பினால் தம் உருட்டைப் போட்டுக்கொள்ள வசதி வைக்க வேண்டும். எந்தக் கணக்கில் சொல்லாக்குகிறோம் என்பதை அச்சிட்டுத் தர வேண்டும். இன்றைக்கும் எல்லாக் கருவிகளிலும் இந்த வசதி இல்லை. சில கம்பெனிகள், "வாடிக்கையாளர் சரியாக உருட்ட மாட்டார், முப்பதோடு நிறுத்திவிடுவார்" என்று சாக்குச் சொல்கின்றன. அது பொய்யல்ல. ஆனால் ஐம்பதுக்குக் குறைந்தால் ஏற்காதபடி கருவியில் செய்வது எந்த மட்டில் சிரமம்? பூட்டு விற்பவர் உள்ளே திறந்து காட்டத் தயங்கினால் வாங்குபவருக்குச் சந்தேகம் வருவது சகஜந்தானே!

உருட்டி முடித்தவர் செய்ய வேண்டியது சொற்பம். சொற்களைக் காகிதத்தில் இரண்டு பிரதி எழுதி, இரண்டு இடத்தில் வைக்க வேண்டும். நெருப்புக்கும் தண்ணீருக்கும் பயந்தவர்கள் எஃகுத் தகட்டில் வெட்டி வைக்கிறார்கள். வீட்டில் நம்பிக்கையான ஒருவருக்காவது அது இருக்குமிடம் தெரிய வேண்டும். உருட்டு எழுதிய தாளை மட்டும் அடுப்பில் போட்டுவிட வேண்டும்; அதுவும் ஒரு சாவிதான்.

பகடையை ஒளிக்க வேண்டியதில்லை. பிள்ளைகளிடம் பரமபத விளையாட்டுக்குத் திருப்பிக் கொடுத்துவிடலாம். போன தடவை என்ன விழுந்தது என்று அதற்கு ஞாபகம் இருக்காது.